ஆயிரம் ரூபாய் வார்டு

சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு இன்னின்னது வேண்டும் என்று எழுதி அனுப்பிய குமாஸ்தா நான். பட்ஜெட் என்றால் சட்டசபையில் வாசிப்பதுதான் என்று ஊரே நினைக்கிறது. வாசிப்பது கடைசி வேலை. எப்படியும் பாதியை வெட்டுவார்கள் என்று நாங்கள் இரண்டு பங்கு கேட்போம். இவர்கள் இரண்டு பங்குதான் கேட்பார்கள் என்று சென்னையில் இன்னும் கூட வெட்டுவார்கள். இந்தக் கூத்துக்குத் திட்டமிடல் என்று பெயர் வேறு.

கொடுக்க மனசில்லை, இல்லையென்று சொல்லவும் பயம் என்றால் ஆயிரம் ரூபாய் போடுவார்கள். கோடிக்கணக்கில் ஆகிற கட்டடத்துக்கு வெறும் ஆயிரம் ரூபாய். அடையாள ஒதுக்கீடாம். செங்கல் இறக்குகிற கூலிக்குக்கூடக் காணாது. ஆனால் திட்டம் புத்தகத்தில் ஏறிவிடும், மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் பிரிவைப் பெருக்கித் துடைத்த அக்காவுக்கு ஒரே மகள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை. கூலியும் கூட, ஆபத்தும் கூட. அவளைத் தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்கு மாற்றிவிட வேண்டும் என்று அக்கா ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். தீப்பட்டால் மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விடுமே என்பதுதான் அவர் பயம். பட்டாசு ஊர்களுக்கு நடுவே ஒரு தீக்காய வார்டு வேண்டும் என்று நான் எழுதி அனுப்பியது அவருக்கும் தெரியும்.

தேர்தல் நெருங்கிய அந்த வருஷம் வார்டை அறிவித்துவிட்டார்கள். கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டு லட்டு கொடுத்தார்கள். நான் பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினேன். ஆயிரம் ரூபாய். சீ என்று ஆகிவிட்டது.

அக்கா எனக்கும் ஒரு லட்டு வாங்கி வந்தார். நான் நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார். அப்புறம் சொன்னார்: “பக்கத்துலயே ஆஸ்பத்திரி வந்துருதுல்ல சார். இந்தத் தீவாளி சீசன் மட்டும் மக அந்த மருந்து ரூம்லயே வேலை பாக்கட்டும்னு சொல்லிட்டேன். அவ கல்யாணத்துக்கு ஆகும்.”

நான் லட்டைத் தின்றேன். சொல்லியிருக்கலாம். ரகசியம் ஒன்றும் இல்லை, அச்சடித்த புத்தகம்தான். அவ்வளவு சந்தோஷமாக நிற்கிற மனுஷியிடம் எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். மறுநாள் வேறு ஏதோ அறிக்கை கேட்டார்கள். அதற்கு மறுநாள் இன்னொன்று. பொய்யெதற்கு, சொல்ல அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

புரட்டாசியில் அந்த அறை வெடித்தது. மதுரைக்குப் போன ஆம்புலன்ஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். ஆயிரம் ரூபாய்க் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிரிவில் வேறு யாரும் வராத காலை நேரம். துடைப்பத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

“அன்னைக்கே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியும்க்கா.”

அக்கா குனிந்து என் மேசைக்கடியில் பெருக்க ஆரம்பித்தார். நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.