இன்டர்கூலரை மாத்தலாமா?

மெத்தைப் பட்டறையில் அவளுக்கு 'மியூட்டு' என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அதே ஜன்னலோரம், அதே தையல் பலகை. வாயைத் திறந்தால் பஞ்சு உள்ளே போய்விடும் என்று சேர்ந்த புதிதில் மூடி வைத்தாள், அப்படியே பழகிவிட்டது. கூட வேலை செய்கிற பெண்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள், இவள் கேட்பாள். சிரிப்பு வந்தால் குனிந்துகொண்டு சிரிப்பாள். கண் மட்டும் சும்மா இராது. எந்த மெத்தை எந்த மூலையில் இளைத்திருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். யாரிடமும் சொல்லமாட்டாள். எழுந்துபோய்ச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

வீட்டில் அவளுக்கும் சேர்த்துப் பேசுவது அவள் வீட்டுக்காரர்தான். சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து ஓட்டுகிறார். டர்போ வண்டி. அந்த 'டர்போ'வை அவர் சொல்லும் அழகே தனி, பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்வதுபோலச் சொல்வார். தினமும் காலையில் மூன்று டீச்சர்களை மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவருடைய நிலையான சவாரி. ஆறு வருஷமாக அந்தச் சவாரியை அவர் விட்டதில்லை, அதுவும் அவரை விட்டதில்லை.

அப்படிப்பட்ட வண்டி இரண்டு மாதமாக ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சமதளத்தில் ஒரு குறையும் கிடையாது. மலையில் நாலாவது வளைவு தாண்டிவிட்டால் மிதித்த மிதிக்குப் பதிலே இருக்காது. போன வாரம் இரண்டு நாள், மணி அடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை இறங்கும்போது பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வண்டி பார்த்துக்குறோம் டிரைவர். தப்பா எடுத்துக்காதீங்க."

சனிக்கிழமை முழுக்க அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையில் வேலை. எந்த வியாதிக்கும் அவன் கடையில் ஒரு மருந்து கிடக்கும்.

"மாமா, உங்க வண்டிக்கு இன்டர்கூலரை மாத்தணும். எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. பெரிய வண்டியில கழட்டினது. கதவுல பாதி இருக்கும்!"

அக்கா பார்த்த பார்வையிலேயே கேள்வியைப் புரிந்துகொண்டு விளக்கினான். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும், சூட்டுக் காற்றில் இழுவை இருக்காது. அதனால் எஞ்சினுக்குள் போகும் முன்னால், வண்டியின் முகப்பில் இருக்கும் ஒரு தகட்டுப் பெட்டிக்குள் நுழைந்து ஆறிவிட்டுப் போகிறது. அந்தப் பெட்டிதான் இன்டர்கூலர்.

"மாட்டினா வெளிய தெரியுமா மச்சான்?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியுமாவா? பம்பருக்குள்ள வெள்ளித் தட்டு மாதிரி பளபளன்னு தெரியும். முன்னாடி போறவன் கண்ணாடியில பார்த்துட்டுத் தானா ஒதுங்குவான்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஆசையில் டீச்சர்களுக்குப் பங்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் இரண்டு நாள் கழித்து அந்த முகத்தில் ஒரு களை வந்ததே, அதைக் கெடுப்பானேன் என்று சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு காலை மூன்று பேரும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார்கள். மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று விரட்டி ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தார். கூலருக்குள் போகிற குழாயில் ஒரு கையும் வெளியே வருகிற குழாயில் ஒரு கையும் வைத்தார். இரண்டு கையையும் ஒன்றாக உதறினார்.

"ஒண்ணு சுடணும், ஒண்ணு சுடக்கூடாது. இங்க ரெண்டும் சுடுது. கூலர் வேலை செய்யல."

"நான் சொல்லல?" என்றான் தம்பி.

பம்பரைக் கழற்றி அளவு பார்த்தார்கள். தம்பி கொண்டுவந்த 'கதவில் பாதி' நிஜமாகவே கதவில் பாதியாகத்தான் இருந்தது. "இது உள்ள போகணும்னா குறுக்குச் சட்டத்தை ரெண்டு பக்கமும் அறுக்கணும்ண்ணே. அறுத்தா அறுத்ததுதான், ஒட்டவைக்கச் சொல்லக்கூடாது" என்றார் மெக்கானிக். வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர். "சரி, அறுங்க" என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் குரலில். மெக்கானிக் அறுக்கிற மெஷினை எடுக்க உள்ளே போனார்.

அளவுக்காக முன்னால் சாத்தியிருந்த பெரிசைத் தம்பி நகர்த்தியதும் பழைய கூலர் வெளியே தெரிந்தது. அதன் முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படலம்.

"பாருங்க மாமா, அந்தக் காலத்து வண்டின்னா வண்டிதான்! சத்தம் வராம இருக்க கம்பெனியே ஃபெல்ட் துணி ஒட்டி அனுப்பியிருக்கான்" என்றான் தம்பி.

"பின்ன? டர்போன்னா சும்மாவா?" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

அவள் குனிந்தாள். ஓரத்தில் ஒரு நுனியைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள். சாம்பலுக்குள் பொடிப்பொடியாக நீல நூல். பழைய துணியை அரைத்துக் கலந்த பஞ்சு. மூன்று மாதமாக மலிவு மெத்தைக்குள் அதைத்தான் திணிக்கிறார்கள். காலையில் தலை சீவும்போது அவள் சீப்பில் வருவதும் அதுதான்.

"இது எங்க பஞ்சு" என்றாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, உங்க பஞ்சு?"

"மூணாம் நம்பர் பஞ்சு. பட்டறையில போடுறது." பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். "ஏங்க, என்னைக் கூப்பிட வரும்போது எங்க நிறுத்துவீங்க?"

அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. பட்டறையின் பக்கச் சுவரில் நல்ல நிழல். சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், பஞ்சுத் தூசியை வெளியே தள்ளும் பெரிய விசிறி. வண்டியின் மூக்கு அதற்கு நேராக நிற்கும். பத்து நிமிஷம் முன்னாலேயே போய், அவள் வியர்வையோடு ஏறும்போது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் ஏசியைப் போட்டுவைப்பார். அங்கே விசிறி ஊத, இங்கே வண்டியின் விசிறி இழுக்க.

மெஷினோடு வந்த மெக்கானிக் கதையைக் கேட்டுவிட்டு அதைக் கீழே வைத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே! பொண்டாட்டி மேல பாசம் வைங்க, வேண்டாம்னு சொல்லல. அதுக்காக வண்டிக்கு மெத்தையா தைக்கிறது?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. மறைக்க ஒரு வேலை வேண்டுமே. மெக்கானிக்கிடம் மெல்லிய பிரஷ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூலரின் தகடுகள் காகிதம்போல மெலிசு, அழுத்தினால் மடங்கும். அவள் கை அழுத்தாது. ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தைத் தலையணைக்கு ஆகிற பஞ்சு சேர்ந்துவிட்டது. பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவினதும் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"அது சரி, வந்தது வந்தோம், பெரிசையே போட்டுடுவோமே" என்றான் தம்பி. வீட்டுக்காரரும் பெரிசைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பெரிசுல காத்து நிரம்பவே நேரமாகும். நேர் ரோட்டுல பறக்கிறவனுக்குச் சரி. வளைவுக்கு வளைவு காலை எடுத்து எடுத்து மிதிக்கிறவருக்கு, இந்த வளைவுல மிதிச்சா அடுத்த வளைவுலதான் இழுவை வரும். முதல்ல ஏத்திப் பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் மெக்கானிக்.

பம்பரைத் திரும்ப மாட்டியதும், மூன்று டீச்சர்களின் எடைக்கு அவளும் தம்பியும் மெக்கானிக்கும் ஏறினார்கள். தம்பி பெரிய டீச்சர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, இல்லாத கடிகாரத்தை நொடிக்கு நொடி பார்த்தான். "டிரைவர், தப்பா எடுத்துக்காதீங்க, நாலாவது வளைவு வருது."

நாலாவது வளைவு வந்தது, போனது. ஐந்தாவதில் வீட்டுக்காரர் காலை லேசாக அழுத்தினார். வண்டி கழுத்தை நீட்டிக்கொண்டு ஏறியது. தம்பி கடிகாரம் பார்க்க மறந்துவிட்டான்.

மேலே நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, "தங்கச்சி, நீங்க தொட்டுப் பாருங்க" என்றார் மெக்கானிக். ஒரு குழாயில் கை வைக்க முடியவில்லை. இன்னொன்றில் வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அந்த வெள்ளித் தட்டு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. "நீயே சொல்லு, மாத்தலாமா?"

மூன்று பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கூலரை மாத்த வேண்டாம். வண்டி நிறுத்துற இடத்தை மாத்துங்க."

"தீர்ப்பு வந்தாச்சு" என்று தம்பி பானெட்டை மூடினான். வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். அது ஏமாற்றமா நிம்மதியா என்று அவருக்கே தெரிந்திருக்காது. இறக்கத்தில் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அவளுக்குத் தையல் ஓடவில்லை. சாயங்காலம் வண்டி எதிர்வரிசையில் வெயிலில் நின்றது. அவள் ரோட்டைத் தாண்டிப் போய் ஏறினாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்பே கேட்டாள்.

"பெரிய டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஏழாவது வளைவுலயே தூங்கிட்டாங்க. எழுப்பித்தான் இறக்கிவிட்டேன்."

"மணி அடிச்சிருந்துச்சா?"

"மணி அடிக்கிறவரே அப்பதான் கேட்டைத் திறந்துட்டிருந்தாரு" என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார்.