சாக்குப் பாய் கட்டிய படகில் ஐந்து நாள்

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியும் நானும் என் கணவரும் தனியாக இருந்து பேசியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஓர் அறை. சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். இந்தப் பக்கம் நாங்கள். நான் தும்மினால்கூடத் திரைக்கு அப்பாலிருந்து "ஆயுசு நூறு, சித்தி!" என்று மூன்று குரல் வரும்.

அவர் இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரி ஃபிட்டர். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம் அது. பழைய வெள்ளைக்காரத் துரை புறப்பட்டுப் போகும்போது தன் சாமான்களையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். நாற்காலிக்கும் கோழிகளுக்கும் அடிபிடி. தோட்டத்தை ஒட்டிய நீர்த்தேக்கத்தில் கட்டியிருந்த பாய்மரப் படகை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் கணவர் கேட்டார்.

"ஓட்டத் தெரியுமாங்க?" என்றேன்.

"இதுவும் ஒரு மெசின்தானே புள்ள."

படகில் நாய்க்கூண்டு போல ஓர் அறை இருந்தது. இரண்டு பேர் குனிந்து உட்காரலாம், நிமிராமல் படுக்கலாம். முக்கியமாக, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பாய் மக்கிப் போயிருந்ததால் ஃபெக்டரி மாடியில் தேயிலைக் கொழுந்தைப் பரப்பி வாட்டிப் பழசாகிக் கழித்துப்போட்ட சாக்குத் துணியைக் கொண்டுவந்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். கொழுந்து அரைக்கும் உடைந்த ரோலர் ஒன்றின் பல்சக்கரம் நங்கூரமாயிற்று. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. ஆளுக்கொரு காலி எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டோம்.

ஆகஸ்ட் விடுமுறை வந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவருக்கோ லீவு இல்லை. காய்ச்சல் என்று தோட்டத்து டாக்டரையாவிடம் இருமிக் காட்டி ஒரு வாரம் சீக்கு லீவு வாங்கினார்.

படகில் குடியேறினோம். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் போனோம். திரும்பி அடித்தால் திரும்பினோம். அடிக்காவிட்டால் பலகையால் துடுப்புப் போட்டோம். ஒவ்வொரு வளைவாக ஒதுங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு தின்றோம். மழை பெய்தால் சாக்குப் பாய் நனைந்து எருமை மாதிரி கனத்துப்போகும், படகு ஒரு பக்கம் சாயும். நான் மாதாவைக் கூப்பிடுவேன். அவர் என்னை மறுபக்கம் போய் உட்காரச் சொல்வார்.

கரையில் கொழுந்து பறித்தவர்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மா கையை வாயில் குவித்துக் கத்தினாள்:

"டீச்சர்! பாஸ்போட் வந்திருச்சா? இந்தியாவுக்கா போறீங்க?"

"ஆமாங்க, பாதி தூரம் போயிட்டோம்!" என்று இவர் பதில் சொன்னார். தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படக் காத்திருந்த காலம் அது; மலையே சிரித்தது. அவர் அவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு அந்தப் படகில்தான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை பெருங்காற்று. நங்கூரம் பிடிக்கவில்லை. சுக்கானை எப்படித் திருப்பினாலும் படகு ஒரே திசையில் ஓடியது. எதிரே புதிய துரையின் பங்களா. புல்வெளி முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு, துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னைப் பாத்திடப் போறாரு!" என்று இவர் அறைக்குள் பாய்ந்து கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார். படகு நேராகப் போய்ப் புல்வெளியில் முட்டி நின்றது.

துரை சிங்களவர், தெற்கே காலி நகரப் பக்கத்துக் கடற்கரைக்காரர், படகு பழகியவர். தமிழை ஒடித்து ஒடித்துப் பேசுவார்.

"ஃபிட்டர் எங்கே? காய்ச்சல் இல்லையா?"

"உள்ள படுத்திருக்காருங்க தொர. நல்ல காத்துப் படணும்னு கூட்டிக்கிட்டு வந்தேங்க."

துரை பாயை அண்ணாந்து பார்த்தார். "இது சாக்குதானே?"

"நான்தான் தைச்சேங்க."

"நல்லா தைச்சிருக்கு. தலைகீழா கட்டியிருக்கு."

"இல்லீங்க தொர, அதுதான் சரி!" என்றது கம்பளி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு படகில் ஏறினார். கம்பளியைப் பார்த்து, "ஃபிட்டர், கயிறு பிடி" என்றார். நோயாளி எழுந்துவந்து கயிறு பிடித்தார். பாயை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார்கள். அதுவரை மாடு மாதிரி போன படகு, கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. காற்றுக்கு எதிராகக்கூட வளைந்து வளைந்து ஏறியது. துரை சின்னப் பையன் போலச் சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு திருப்பத்தில் பாயின் கீழ்க்கழி வீசி வந்து என் கணவரின் நெற்றியில் பட்டது. எலுமிச்சங்காய் அளவு வீங்கிற்று.

"இப்போ சீக்கு லீவு சரி" என்றார் துரை.

கரைக்கு வந்ததும், "டீச்சர், ஏன் படகில் குடியிருக்கிறது?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஒரு காம்பராவுல ஏழு பேருங்க தொர. கல்யாணமாகி நாலு மாசங்க."

என் கணவர் வெட்கத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரையின் முகத்திலிருந்த சிரிப்பும் போய்விட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார்.

அடுத்த மாதம், ஃபெக்டரிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த குவாட்டர்ஸில் பாதியை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதே வாரம் படகு துரையின் புல்வெளியோரம் கட்டப்பட்டது. இதற்கு அது என்று யாரும் யாரிடமும் பேரம் பேசவில்லை.

"என் படகைப் புடுங்கிக்கிட்டாரு புள்ள" என்று இவர் நாள்கணக்கில் முனகினார்.

"கொண்டுபோகட்டுங்க. இங்க நிமிந்து நிக்கலாம்" என்றேன்.

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அடுப்புப் போடுவதற்கு முன், ஜன்னல் துடைப்பதற்கு முன், இவர் ஃபெக்டரியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து யானையை அடைக்கிற மாதிரி ஒன்று செய்து மாட்டினார். மறுநாள் காலை அண்ணன் பிள்ளைகள் மூன்றும் வந்து கதவைத் தட்டின.

"சித்தப்பா! சித்தப்பா!"

"உள்ள யாரும் இல்ல!" என்று கத்தினார் என் கணவர்.