ஊதச் சொன்னவர்கள்

என் தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் அவனுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போவான். ஆனால் அந்தக் கால் கிளட்ச் மிதிப்பதில் ஒரு குறையும் வைத்ததில்லை. இத்தனை வருஷத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்றின் அம்மா, என் தம்பி வேனிலிருந்து இறங்கி நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். அவ்வளவுதான். "டிரைவர் காலையிலேயே தண்ணி போட்டிருக்கான்" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பற்றவைத்துவிட்டாள். அதன்பிறகு அவன் எதைச் செய்தாலும் குற்றம். புதினா மிட்டாய் சப்பினால் வாடையை மறைக்கிறான். சப்பாவிட்டால் வாயைத் திறக்கப் பயப்படுகிறான்.

நான் விடுவேனா? பள்ளி வாசலில் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கால் குட்டைங்க அவனுக்கு! வேணும்னா அளந்து பாருங்க!"

அந்த அம்மா நிதானமாகச் சொன்னாள்: "அக்கான்னா அப்படித்தாங்க சொல்லுவாங்க."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் பள்ளி நிர்வாகி குடியைச் சோதிக்கும் கருவி ஒன்று வாங்கினார். தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் அவன் அதில் ஊத வேண்டும். மறுத்தால் வேலை போய்விடும். "ஊதிட்டுப் போறேன், விடுக்கா. தன்னால அடங்கிடுவாங்க" என்றான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன்.

தினமும் பூஜ்யம்தான் வந்தது. அடங்கினார்களா? "தினமும் ஊதச் சொல்றாங்கன்னா சும்மாவா சொல்லுவாங்க?" என்று பேசிக்கொண்டார்கள். அடப்பாவிகளா! நீங்கள் கேட்டதற்காகத்தானே ஊதுகிறான்!

அவன் மகள் ஒன்றாம் வகுப்பு. அதே வேனில்தான் போய்வருவாள். ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல் அவளைத் தூக்கக் கை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்து, பென்சில் டப்பாவை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"ஊதுப்பா. ஊதினாத்தான் வருவேன்."

வேனில் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டாம். அவன் ஊதினான். "சரி, இன்னைக்குக் குடிக்கல" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை வேன் சாவியை நிர்வாகியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை.

மதியத்துக்குள் குழுவில் செய்தி வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரி தன் போனில் காட்டினாள்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். மாட்டிக்கிட்டான், ஓடிட்டான்."