சேனை வைத்தது யார்

என் நாத்தனார் பொய் சொல்கிறார். ஒரு தடவை இல்லை, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மூன்றாவது பிள்ளைக்குச் சேனை வைத்தது தான்தான் என்று கல்யாண வீட்டில் சொல்கிறார், சீமந்தத்தில் சொல்கிறார், வேப்பூரில் அவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வந்து உட்காரும் லாரிக்காரர்களிடம்கூடச் சொல்கிறார். அவர் வைக்கவில்லை. வைத்தது என் பெரிய பெண். அப்போது அவளுக்கு ஆறு வயது.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் இது நம்பிக்கை பற்றிய விஷயம் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் எங்களுக்கு இரண்டே அறை உள்ள வாடகை வீடு. என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. நான் பொம்மைகளுக்குக் கண்ணும் வாயும் எழுதும் வேலை. வயிறு பெரிதானதும் சூளையில் சுடுவதற்கு முன்னால் தட்டுத் தட்டாகப் பொம்மைகளை வீட்டுக்கே வாங்கி வந்து எழுதினேன். ஓர் அறையில் நாங்கள், இன்னோர் அறையில் வாயில்லாத பொம்மைகள். நடுவில் ஆறு வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது நாத்தனார் பார்க்க வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என் பெண்ணை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "புதுசு வந்தா நீ பழசுடி. ஒன்ன இன்னா பண்றதுன்னு ஒங்கப்பன் யோசிச்சிகிட்டு இருக்கான். பேசாம எங்கூட வந்துடு. கடையில எல தொடைக்க ஆளில்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சோறு தின்றுகொண்டிருந்தவள், "ம்மா, வேப்பூர்ல ஸ்கூலு இருக்குதா?" என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. தலைக்கு மேல் வேலை.

மூன்றாவது பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் வாயில் படக்கூடாது என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நாத்தனாருக்கு அதுவும் வசதியாகப் போய்விட்டது. "நான் வர வரைக்கும் யாரும் சேன வெக்கக் கூடாது" என்று போனில் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் நின்ற என் பெண், "கொண்டாந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் கதவுக்குப் பின்னாலேயே நின்றவள்தான்.

மூன்று வயதுப் பெரியவன் அப்படி இல்லை. குனிந்து நன்றாகப் பார்த்தான். ஒரு விரலால் கன்னத்தை அழுத்தினான். விரல் அமுங்கியதும் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ம்மா, இது இன்னும் சுடல."

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சுடாத பொம்மை மெத்தென்று இருக்கும், தொட்டால் அமுங்கும், தொடாதே என்று நான்தான் தினமும் அவனிடம் கத்தியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "ஆமாண்டா, மறந்தே போயிட்டோம். நாளைக்கு ஷிப்டுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறேன்" என்றார். பையன் வீடே அதிர அழுதான். வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கவும் முடியாமல், அவரைத் திட்டவும் முடியாமல் கிடந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாத்தனார் வருவதாக இருந்தது. கடையில் கூட்டம் என்று பத்தானது, பன்னிரண்டானது. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். நான் கண் அசந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் பூண்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தவர், "அடிப்பாவி, இங்க பாரு" என்று சொன்ன சத்தத்தில்தான் விழித்தேன்.

என் பெண் குழந்தைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். கையில் என் பிரஷ். புது பிரஷ்தான், உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு குழந்தையின் உதட்டில் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தாள். அவனும் பிரஷைச் சப்பிக்கொண்டிருந்தான். "அசையாத. அசஞ்சா வாய் கோணையா போயிடும்" என்று அவனை மிரட்டினாள்.

"இன்னாடி பண்ற?" என்றேன்.

"சேன வெக்கறேன்."

"அத்தை வந்து வெப்பாங்கல்ல?"

"நான் வெச்சா என் கொணம்தான் வரும். அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பிரிக்க முடியாது. வேப்பூருக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டு பேரையும்தான் கூட்டிட்டுப் போவணும்."

பக்கத்து வீட்டு அக்கா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு டம்ளரை எட்ட நகர்த்தினார். நர்ஸம்மா பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார், அது நியாயமும்கூட. ஆனால் இரண்டு மாதமாக இந்தப் பெண் நெஞ்சில் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளைக் கிட்டே இழுத்து, உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். "தெரியும், இனிமே முடியாது" என்றாள்.

ஒரு மணிக்கு நாத்தனார் வந்தார். பட்டுப் புடவை, கையில் கல்கண்டு, சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்து வைக்கத் தங்க மோதிரம். விஷயத்தைக் கேட்டதும், "சின்னப் புள்ள வெச்சதெல்லாம் சேனையா? அது வெளாட்டு" என்றார்.

"நான் கைய கழுவிட்டுத்தான் வெச்சேன் அத்தை" என்றாள் என் பெண்.

அவர் காதில் வாங்கவில்லை. குழந்தையை மடியில் போட்டு மோதிரத்தை உதட்டில் வைத்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு சொட்டும் தாடையில் வழிந்தது. மூன்றாவது முறை வைத்தபோது வாயைத் திறந்தான். திறந்து, குடித்த பாலை எல்லாம் பட்டுப் புடவை மேல் கக்கினான்.

பெரியவன் எட்டிப் பார்த்து, "அத்தை, அவனுக்குப் பெயின்ட் இன்னும் காயல. அதான் வழியுது" என்றான்.

வீட்டில் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. நாத்தனாரும் சிரித்தார், அதையும் சொல்ல வேண்டும். முந்தானையைத் துடைத்துக்கொண்டே, "போவட்டும் போ. அக்காக்காரி வெச்சதே நிக்கட்டும்" என்று என் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினார். இதை நான் கேட்டேன், வீட்டுக்காரர் கேட்டார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

அன்றிலிருந்து அந்தக் குழந்தை என் பெண்ணுடையது. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கையைக் கழுவச் சொல்வாள். ஸ்கூலில் டீச்சரிடம் போய், தம்பி என் குணம்தான், நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைப் பார்த்தபோது, "இன்னாங்க வெச்சா?" என்று கேட்டார். அவன் அழுதால் நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவள் போயிருப்பாள்.

அவன் சீக்கிரம் நடந்தான், சீக்கிரம் பேசினான், ஸ்கூலில் பரிசு வாங்கினான். அப்போதுதான் நாத்தனார் கதையை மாற்ற ஆரம்பித்தார். பரிசு வாங்கினால் அது அத்தை வைத்த சேனை. சுவரேறிக் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டால் அது அம்மா வளர்த்த வளர்ப்பு. இப்போது சொந்தத்தில் எங்கே குழந்தை பிறந்தாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கைராசியாம்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் படுத்துக் கிடந்த அந்த மாதம் வேப்பூரிலிருந்து பஸ்ஸில் சோறும் குழம்பும் அனுப்பிப் பிள்ளைகளின் வயிறு காயாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை. அதற்காகத்தான் பொறுத்தேன்.

போன மாதம் மங்கலம்பேட்டையில் ஒரு சீமந்தம். நாத்தனார் வந்திருந்த பெண்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு அதே கதையைச் சொன்னார். இந்தத் தடவை அவன் மோதிரத்தைச் சப்புக்கொட்டிச் சப்பினானாம். பரிமாறிக்கொண்டிருந்த என் பெரிய பெண் அப்பளத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே போய், "இன்னாடி?" என்றேன். "வுடும்மா. சொல்லிட்டுப் போவட்டும்" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அப்பளம் போட்டாள்.

வீட்டுக்காரர், "ரெண்டு சொட்டு சக்கர தண்ணிக்கு இவ்ளோ சண்டையா?" என்கிறார். ரெண்டு சொட்டுதானே, அவளிடமே விட்டுவிட உங்கள் அக்காவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அண்ணி, இனி உங்களிடமே நேராகச் சொல்கிறேன். வருகிற ஆவணியில் உங்கள் பேரனுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் வரும், மைக் செட்டும் சொல்லியிருக்கிறீர்கள். பந்தி ஆரம்பிக்கும் முன் அந்த மைக்கைக் கையில் வாங்குங்கள். என் பெண்ணும் அங்கேதான் இருப்பாள். அவளைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்: என் பிள்ளைக்குச் சேனை வைத்தது யார்?