பழைய இரும்பு லோரியை முந்தினேன்!

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த தொழிலாளர்கள் குளிரில் நடுங்கினார்கள். அவர்களுக்குக் கொடுக்க, வீட்டிலிருந்த பழைய ஸ்வெட்டர்களைத் துவைத்து உரக் கோணியில் கட்டிவைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு உரக் கோணியில் விற்க வேண்டிய பழைய இரும்பு. பழைய இரும்பு வாங்கும் லோரி வந்ததும் என் வீட்டுக்காரர் இரண்டிலும் இரும்புதான் என்று நினைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார். லோரி கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“ஒர்க்‌ஷாப்புல கிரீஸ் துடைக்கவா நான் ஸ்வெட்டரெல்லாம் துவைச்சு வச்சேன்?” என்று கத்திக்கொண்டே ஓடினேன். லோரி வளைந்து வளைந்துதான் மலை இறங்கும். கொழுந்து பறிக்கிற எனக்குச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதை தெரியாதா? கீழ் ரோட்டில் மறித்து நின்றேன்.

“எப்படிக்கா முந்துனீங்க?” லோரிக்காரர் அசந்துபோனார்.

“கொழுந்து எடுக்கிற காலு லா!”

ஸ்வெட்டர் கோணி கைக்கு வந்தது.

இப்போதெல்லாம் கோணி இரும்புக்கு மட்டும்தான். துணிகளைக் கொழுந்துக் கூடையில் போட்டு நானே சுமந்துபோய்க் கொடுக்கிறேன். என் முதுகில் இருக்கும் கூடையை எந்த லோரி தூக்கும்?