வெள்ளிக்கிழமை மட்டும் நேராகப் போன தையல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில், படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்களுக்கும் நடுநடுவே மூளைக்கு ஓய்வு வேண்டுமா என்று பேசினார்கள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெண்களை மிஷினுக்கு எடுக்க ஆரம்பித்த காலம். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். கைகால் புண்ணாகி, இனிமேல் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். அது கஞ்சிக்குப் போதும், குழம்புக்குப் போதாது. ஒரு கம்பெனியில் தையல் பயிற்சி கொடுத்து, கடைசியில் பரீட்சை வைத்து, தேறினவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். தேறாவிட்டால் மறுபடி பீடி முறம்தான்.

"வாயத் தெறந்து ஒரு வார்த்த பேச மாட்டே, நீ போய் இன்னா கத்துக்கப் போறே?" என்றார் மாமியார்.

"மிஷினுக்கு வாய் எதுக்கு அத்தே?" என்றேன். அந்த வருஷம் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதைத் தைப்பதுதான் எங்கள் படிப்பு. முதலில் நூல் இல்லாமல் காகிதத்தில் கோட்டின் மேல் ஊசி ஓட்டப் பழக்குவார்கள், பிறகு தோல். துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிவிட்டால் ஓட்டை ஓட்டைதான். கோணலாகப் போனால் அந்தத் துண்டு குப்பைக்கு.

சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மெட்ராஸில் படித்தவர். சின்ன வயது. நல்லவர்தான், ஆனால் நிற்கவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழக்கூடாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அப்போதும் பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துவார்.

"மாஸ்டர், சோறாவது துன்ன வுடுங்க" என்பார் பக்கத்து மிஷின் அக்கா. அவர் உருது பேசுகிற வீட்டுப் பெண் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை அவர்கள் பாஷையில் அக்கா, அதாவது ஆபா, என்று கூப்பிடுவோம்.

"வாய் சாப்பிடட்டும்மா. காது சும்மாதானே இருக்குது?" என்பார் மாஸ்டர். அவர் டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை மிஷின் ஓடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். மாஸ்டருக்கு அது பெரிய பேஜார். ஆபா ஒரு மூலையில் தொழுவார். நாங்கள் சாக்கை விரித்துச் சாய்ந்துவிடுவோம். ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தி குறட்டை விடுவாள்.

அன்று பிற்பகலில் மட்டும் எங்கள் தையல் நேராகப் போகும். மாஸ்டருக்கே ஆச்சரியம். ஒரு வெள்ளிக்கிழமை என் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "லைன் எப்படிப் போயிருக்குது பாருங்க! ஏன் தெரியுமா? வோல்டேஜ்! இன்னிக்கு ஊர்ல பாதி ஃபேக்டரி லீவு. கரண்ட்டு பூரா நமக்கே வருது" என்றார்.

"கரண்ட்டு இல்ல மாஸ்டர், நாங்க தூங்கி எந்திரிச்சோம்" என்றார் ஆபா.

"தூங்கினா தையல் வரும்னா, எங்க வீட்டுக் கைக்கொழந்ததான் பெரிய டெய்லர்."

மறுநாளே பலகைக்கு மேலே ஒரு பல்பு மாட்டினார், வோல்டேஜ் பார்ப்பதற்காம். அது எல்லா நாளும் ஒரே மாதிரிதான் எரிந்தது. பல்பு சரியில்லை என்று வேறு பல்பு வாங்கி வந்தார்.

பரீட்சையை வெள்ளிக்கிழமை வைக்கச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினார். அவரோ புதன்கிழமை என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மாஸ்டர் எங்களையும் தூங்க விடவில்லை, தானும் தூங்கவில்லை. பரீட்சை அன்று விடிந்ததும் வரச் சொல்லி, மத்தியானம் வரை பழக்கினார். கண் சிவந்து, சட்டைக்கு மேலே டை கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளியும் மேனேஜரும் வந்தார்கள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தேன். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. பெடல் மேலே இருப்பது என் காலா அடுத்தவள் காலா என்றே தெரியவில்லை. தையல் ஆடு மேய்கிற மாதிரி போனது. வீட்டில் இருக்கும் பீடி முறம் கண்ணுக்குள் வந்தது. ஆபாவுக்கு ஊசியே உடைந்தது.

"என்னம்மா நீங்க! இதப் பாருங்க, இப்படி!" என்று மாஸ்டர் என் மிஷினில் தானே உட்கார்ந்தார். டர்ர்ர் என்று ஒரே ஓட்டு. அத்தனை நேரான தையலை நான் பார்த்ததே இல்லை. பெருமையோடு எழுந்தவர், யாரோ இழுத்த மாதிரி மறுபடி உட்கார்ந்தார். டையையும் அப்பரையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"மாஸ்டர், இது புது மாடலா?" என்றார் மேனேஜர்.

"கத்திரியால வெட்டுங்க" என்றார் முதலாளி.

"ஐயோ வேணாம் முதலாளி, கல்யாண டை!"

ஆபா ஊசி எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்க உட்கார்ந்தார். மாஸ்டர் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி குனிந்தபடியே இருந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். புங்கமரத்தடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். தண்ணீர் குடித்தோம். ஒருத்தி அப்படியே தூங்கிப்போனாள். நான் சும்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ஞாபகமே வரவில்லை.

மறுபடி கூப்பிட்டு, எனக்கு வேறு துண்டு கொடுத்தார்கள். கோடு ஒன்றாகத் தெரிந்தது. ஊசி அதன் மேலேயே போனது. முதலாளி அதை வாங்கி மடக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல ஏம்மா கோணலா போச்சு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வேலை கிடைக்கிற விஷயம் ஆயிற்றே.

"மண்ட நெறஞ்சி போச்சு முதலாளி. வெளிய போய் உக்காந்தேன், கொஞ்சம் எறங்குச்சு."

"இல்ல முதலாளி, இப்ப வோல்டேஜும்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"மாஸ்டர், நீங்களும் போய் அந்த மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து வேலைக்கு வாம்மா" என்றார்.

போனேன். முட்டி தேயும்வரை அங்கேதான் வேலை செய்தேன். எங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் எழுந்து போக விட்டார்கள். மாஸ்டரும் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார், கொஞ்சம் சதை போட்டது.

அது புதன்கிழமைதானா, அந்த மரம் புங்கமரமா வேப்பமரமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கூடப் பயின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தில் திருத்திச் சொல்லுங்கள். ஆபாவைக் கேட்டால் இன்னும் நல்லது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.