மலையில் சோதித்த மலேசியா சிம்

என் மனைவி சாந்தி போன வியாழக்கிழமை கோலாலம்பூரில் இறங்கினாள். வாழ்க்கையில் முதல் விமானம், அதுவும் தனியாக. இறங்கியதும் எனக்கு போன் செய்தாள்.

நான் கட் செய்தேன். ஒரு தடவை இல்லை — ஏழு தடவை. எட்டாவது தடவை அந்த நம்பரை பிளாக்கே செய்துவிட்டு, 'யாரிடம் காட்டுகிறாய் உன் வேலையை!' என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

திட்டாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளியில் சாந்தியோடு வேலை பார்த்த அமுதா டீச்சர், ரிட்டயர் ஆனதும் மலேசியாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். 'பத்து நாள் வந்து தங்கிட்டுப் போடி' என்று அழைப்பு. டிக்கெட் கைக்கு வந்ததிலிருந்து சாந்திக்குக் கால் தரையில் படவில்லை. எனக்கோ ஒரே கவலை. போய் இறங்கியவள் என்னோடு எந்த சிம்மில் பேசுவாள்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ரேவதியிடம் போனேன். மூன்று வழி சொன்னார். இருக்கிற நம்பருக்கே ரோமிங் போடலாம். அங்கே ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். அல்லது இங்கேயே ஒரு பிரீபெய்டு டிராவல் சிம் வாங்கிக்கொண்டு போகலாம்.

நான் மூன்று நாள் நடையாய் நடந்தேன். ரோமிங்கை, பில் எவ்வளவு வருமோ என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். அங்கே போய் வாங்குவதென்றால்... இறங்கியதிலிருந்து வாங்கும்வரை என் கதி? ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி? வீடியோ கால் நடுவில் நிற்குமா? மழை பெய்தால் எடுக்குமா?

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க சார்," என்றார் ரேவதி.

உண்மைதான். அன்றைக்குக் கேசரி நன்றாக இருந்தது, பேசாமல் சாப்பிட்டேன்.

கடைசியில் டிராவல் சிம் என்று முடிவானது. அட்டையின் மேல் எட்டு நாட்டுக் கொடிகள். பத்து நாள் செல்லும். "அங்க எறங்கி போட்டா போதும் சார்," என்று சொல்லிக் கொடுத்தார்.

போதுமாமே! கல்வராயன் மலையில் வேலை பார்த்தவர் வீட்டில் சொல்லும் பேச்சா இது? சாந்தி மலையில் இருந்த வருஷங்களில் நான் வாங்கிக் கொடுத்த சிம்களைக் கோத்தால் ஒரு மாலையே கட்டலாம். கடையில் எல்லாமே நன்றாக எடுக்கும், மலை ஏறியதும் மூச்சை நிறுத்திவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் — சிம்மைக் கீழே வாங்கு, மேலே காட்டு, அப்புறம் நம்பு. புது வண்டியைக் கோயிலுக்கு எடுத்துப் போகிறோம் இல்லையா? அப்படி.

அடுத்த ஞாயிறே பைக்கை எடுத்தேன். சாந்தி கிளம்ப இன்னும் பதினொரு நாள் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, கரியாலூரில் ஒரு டீக்கடை முன்னால் நின்று சிம்மைப் போட்டேன். ஒரு கோடு... இரண்டு... நான்கு! நடுரோட்டில் குதித்தேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "மலேசியா சிம்மு நம்ம மலையிலயே எடுக்குது. மலேசியாவுல எடுக்காமயா போயிடும்?"

இதைவிட ஒரு கியாரண்டி உண்டா? சிம்மைக் கழற்றி பீரோவில் பத்திரமாக வைத்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் என் கையாலேயே அவள் போனில் போட்டேன். வழியனுப்பிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு மணிக்கு விமானம் இறங்கிவிட்டது. இரண்டரை. மூன்று. அவள் நம்பர் கிடைக்கவில்லை. அமுதா டீச்சர் நம்பரையாவது வாங்கி வைத்தேனா? சிம் இருக்கும்போது அது எதற்கு!

அப்போதுதான் அறுபதில் தொடங்கும் ஒரு நம்பர் அடிக்க ஆரம்பித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதீர்கள், மோசடி என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஊருக்கு உபதேசம் செய்தவன் எடுக்கலாமா? மலேசியாவுக்கு அறுபது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஜிபியைக் கேட்டேன், மழையைக் கேட்டேன்... இதைக் கேட்கவில்லையே.

ஐந்து மணிக்கு மீசை தொங்கிவிட்டது. உண்மையாகவே பயந்துபோனேன். மலையில் சிக்னல் இல்லாத நாட்களில்கூட அவள் எந்த பஸ்ஸில் இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். இப்போது எதுவுமே தெரியவில்லை.

போன் அடித்தது. வடக்கனந்தலில் இருக்கும் என் அக்கா. எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறவள் அவள். லோன் வேணுமா என்று கேட்கும் பெண்ணிடம்கூட கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள்.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு இருக்க? ஒம் பொண்டாட்டி மலேசியாவுல இருந்து எங்கிட்ட பேசறா. நீ கட் பண்ணிக்கினே இருக்கியாமே! புருசன் பொண்டாட்டிக்குள்ள எதுனா சண்டையா?"

பிளாக்கை எடுத்துவிட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டேன். அது அமுதா டீச்சரின் நம்பர். எடுத்ததும் சாந்தியின் சிரிப்புதான் முதலில் கேட்டது. இறங்கியதும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் போன் வாங்கி அமுதா டீச்சரிடம் பேசினாளாம். பார்த்தால், அமுதா டீச்சர் எதிரிலேயே கையை ஆட்டிக்கொண்டு நின்றாராம்!

"சிம்மு இன்னா ஆச்சு?" என்றேன்.

"பத்து நாள் முடிஞ்சி போச்சுன்னு மெசேஜ் வருதுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன். முதல் சிக்னல் கிடைத்த நேரத்திலிருந்து பத்து நாள். எட்டுக் கொடிகளில் ஒன்று நம்முடையது. சாந்தி கிளம்பும் முன்பே சிம் தன் சுற்றுலாவை எங்கள் வீட்டு பீரோவிலேயே முடித்துக்கொண்டுவிட்டது.

ஒப்புக்கொண்டேன். அந்தப் பக்கம் இரண்டு டீச்சர்களும் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

"ஒடனே அங்க ஒரு சிம்மு வாங்கிக்க," என்றேன்.

"வேணாங்க. தெனம் சாயந்தரம் ஆறு மணிக்கு அமுதா போன்லருந்து பேசறேன். மத்த நேரத்துக்கு எதுக்கு? நான் ஊரு சுத்திப் பாக்கப் போறேன்."

அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் கடை, ஒரு நாள் மலை — இத்தனையும் யாருக்காக? போனவளுக்கு அந்த சிம் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"நாளைக்கு ஆறு மணி வரைக்கும் பயப்படாம இருப்பீங்களா?" என்று கேட்டாள் சாந்தி.

இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வதற்குப் பெயர் பயமா என்ன?